சுகாதார ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

கேள்வி: பொதுச் சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிக்குப் பல்கலைக்கழகங்களோடு கைகோர்க்க வேண்டும் என்கிறார்கள். துறையே பயிற்சி தரும்போது அது எதற்கு?
– சுகாதார ஆய்வாளர் ஒருவர், மன்னார்குடி

பதில்: துறைப் பயிற்சி, செய்ய வேண்டிய பணிகளைச் சொல்லித்தருகிறது. ஆனால் ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவும்போது யாரை விசாரிப்பது, நோயுற்றவர்களை நோயற்றவர்களோடு எப்படி ஒப்பிடுவது, எந்தக் குடிநீர்க் குழாயைச் சந்தேகிப்பது என்று தாமே முடிவெடுக்கும் திறன் வளர, நோய்ப்பரவலியலும் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராயும் இயல்) புள்ளியியலும் அறிந்த ஆசிரியர் ஒருவர் தொடர்ந்து துணைநிற்க வேண்டும். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தோடு இணைந்து 2001-இல் தொடங்கிய இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் மாணவர்கள் பெரும்பகுதிக் காலத்தைக் களத்திலேயே கழித்து, உண்மையான நோய்ப்பரவல்களை ஆராய்ந்தார்கள்.

உங்கள் மாவட்டத்தில், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே நோய்ப்பரவலியல், பொதுச் சுகாதாரத் துறை இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் அமைய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நடவு வயலின் சேற்றுநீரில் நாளெல்லாம் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும் வழியை மாணவர்கள் உங்களோடு நடந்துதான் கற்க முடியும். அந்த மாணவர்களுக்காக உங்கள் நேரத்தை ஒதுக்கும் அரசுச் சுகாதாரத் துறை, உங்கள் படிப்புக்கும் ஊதியக் குறைவின்றி வாரம் ஒரு நாளாவது ஒதுக்கித் தர வேண்டும்.