காட்பாடியில் இறங்குகிறவர்

அன்புள்ள அண்ணா,

நான் குடியாத்தத்துக்காரன், சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்காக வேலூர் சுற்றுலாவுக்கு ஒரு லோகோ செய்து இணைத்திருக்கிறேன். ஒரு வட்டத்துக்குள் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோபுரம், ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி மலை, ஓரத்தில் முள்ளுக் கத்தரிக்காய். கீழே ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், அதற்கும் கீழே தமிழில் 'வீரம் விளைந்த வேலூர்'. நண்பர்களுக்குப் பிடித்திருக்கிறது. ப்ராஜெக்ட் கைடு மட்டும் பார்த்துவிட்டு "ம்" என்றார். என்ன குறை?

(ஒரு மாணவர், குடியாத்தம்)

அன்புள்ள தம்பி,

அந்த "ம்"முக்கு நான் உரை எழுதிப் பார்க்கிறேன்.

உனக்குக் கை நன்றாக ஓடுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாயா? நான் பார்த்தேன். கோபுரமும் மலையும் ஒட்டிக்கொண்டன, கத்தரிக்காய் அச்சுப்பிழை போலக் கிடக்கிறது. ரொம்ப வருஷம் முன்னால் நானும் ஓர் அலுவலகத்துக்கு இதே மாதிரி ஒன்று செய்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், நானும் மறுக்காமல் சேர்த்தேன். கடைசியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தபோது, கடைக்காரர் "மை கொட்டின மாதிரி விழும் சார்" என்றார். அப்படியேதான் விழுந்தது.

ஏலகிரி 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம் என்று யாராவது உன்னை மடக்குவார்கள். அதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். வருகிறவருக்கு ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, காவலூர் வான் ஆய்வகம் எல்லாம் ஒரே பயணம்தான், பழைய வட ஆற்காடு என்று நினைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

என் சண்டை வேறு. இதை யாருக்காகச் செய்தாய்? வேலூருக்கு ஆள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தினமும் காட்பாடியில் பெட்டியும் ஃபைலுமாக இறங்குகிறார்கள் (வேலூருக்கு டிக்கெட் எடுத்தவர் காட்பாடி என்ற பலகையைப் பார்த்து முழிக்கிறார் பார், உன் வேலை அங்கேயே ஆரம்பிக்கிறது). அப்புறம் ரிப்போர்ட்டுக்காக, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காக என்று கூட வந்தவர்கள் லாட்ஜ் அறையில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. அந்தக் கடைக்காரர்கள் பிராண்டிங் படிக்கவில்லை, எதிரே நிற்பவர் யார் என்று பார்த்தார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான். கோட்டை அங்கிருந்து நடக்கிற தூரம். ஆனால் அந்த லாட்ஜ் வரவேற்பறையில், சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கே போய் வரலாம், எந்த பஸ், எப்படித் திரும்புவது என்று சொல்ல ஒரு தாள்கூட ஒட்டியிருக்காது.

அவரிடம் போய் 'வீரம் விளைந்த' என்றால் என்ன நினைப்பார்? கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்த 1806 ஜூலை 10 சாதாரண விஷயமில்லை, அதைக் கோட்டைக்குள் நிற்க வைத்துச் சொன்னால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அப்பாவின் ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவரை ஊர் அதட்டி வரவேற்கக் கூடாது. அதோடு, வீரம் பேசுவது நம் ஊர் சுபாவமும் இல்லை. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்ட ஊர் இது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் தன் கோயிலுக்குத் திரும்பி அதில் ஒன்றைப் பொய்யாக்கினார்.

எழுத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் தமிழை நசுக்கியிருக்கிறாய். 'லூ' வளைந்து சுழிந்து இடம் கேட்கிற எழுத்து, அதை ஒடுக்கினால் சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் அடைத்துக்கொள்ளும், பஸ்ஸில் போகிறவனுக்கு ஏதோ ஒரு புள்ளி தெரியும். 'வேலூர்' என்பதை முதலில் எழுது, அது எவ்வளவு அகலம் கேட்கிறதோ கொடு, பிறகு வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் அதன் கனத்துக்குப் பொருத்து. நான்கும் ஒரே பலகையில் சண்டையில்லாமல் உட்கார்ந்தால் உன் ப்ராஜெக்ட் பாதி முடிந்தது.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கைலி நெய்கிற ஊர்க்காரன் நீ! குடியாத்தம் கைலியின் கட்டத்தை விட்டுவிட்டு எதற்கு வட்டம்? கட்டம் எவ்வளவு நீட்டினாலும் நீளும். பலகை ஓரத்திலும் வரும், பிரியாணி டப்பாவிலும் வரும், துணிப்பையிலும் வரும், ஒரே நிறத்தில் அடித்தாலும் அடையாளம் போகாது. நிறத்தை மாற்றினால் கோட்டைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டுப் பக்கத்தில் தறி ஓடினால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.

இந்த வாரம் லோகோவைத் தொடாதே. காட்பாடி பிளாட்பாரத்திலிருந்து கோட்டை வாசல் வரை நடந்தும் பஸ்ஸிலும் போய், ஒருவர் எங்கெல்லாம் தடுமாறி நிற்கிறார் என்று குறித்து எனக்கு அனுப்பு.

கத்தரிக்காயைத் தூக்கிப் போட்டுவிடாதே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின காய் அது. வட்டத்திலிருந்து எடுத்து மார்க்கெட்டுக்கு வழி காட்டும் பலகையில் வை, முள்ளோடு.