தள்ளுபடி ஆகமங்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: எங்கள் சபை பைபிளில் 66 புத்தகம், கத்தோலிக்கருக்கு 73. யார் சேர்த்தது, யார் எடுத்தது?

பதில்: தள்ளுபடி ஆகமம் என்றால் எல்லாச் சபைகளும் வேதமாக ஏற்காத பழைய நூல். கத்தோலிக்கருக்குக் கூடுதல் 7: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் அதிகம். யூதர்களின் எபிரேய வேதத்தில் இவை கிடையாது, கிரேக்க மொழிபெயர்ப்பில் உண்டு. வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் ஆதிச் சபைக் காலத்திலேயே இவற்றைத் தனியாகப் பிரித்தார், அதே காலத்து ஆயர் அகுஸ்தீன் ஒப்பவில்லை. சீர்திருத்தவாதி லூத்தரும் தூக்கி எறியவில்லை. தன் 1534 ஜெர்மன் பைபிளில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே, வேதத்துக்குச் சமமல்ல, வாசிக்க நல்லது என்ற குறிப்போடு வைத்தார். 1546 ஏப்ரல் 8 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இவற்றையும் வேதமே என்று அறுதியிட்டது. ஆங்கிலத்தில் 1611 ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் இருந்தன. இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று பிரிட்டிஷ் பைபிள் சங்கம் 1826இல் முடிவெடுத்த பிறகுதான் பெரும்பாலான பதிப்புகளிலிருந்து மறைந்தன.

கேள்வி: நிக்கேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் சில நூல்களை ஓட்டுப் போட்டு நீக்கினார்களாமே?

பதில்: இல்லை. 325இல் அங்கே இயற்றிய 20 விதிகளில் வேதநூல் பட்டியலே கிடையாது.

கேள்வி: புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் ஏனோக்கு நூலை மேற்கோள் காட்டுகிறதே. அப்படியானால் ஏனோக்கும் வேதம்தானே?

பதில்: மேற்கோள் உண்மை: யூதா 14, 15 வசனங்கள் ஏனோக்கு 1:9. நூல் பழையது, சாக்கடல் ஓரக் கும்ரானின் 4ஆம் குகையில் அரமேயத் துண்டுகள் கிடைத்தன. ஆனால் 37 முதல் 71 வரையிலான அதிகாரங்களில் ஒரு துண்டுகூட அங்கே இல்லை. முழு நூல் கீயெஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழியில் மட்டுமே உள்ளது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதை வேதமாக ஏற்கிறது. மேற்கோள் காட்டுவதாலேயே ஒரு நூல் வேதமாகிவிடாது. அப்போஸ்தலர் 17:28இல் பவுல் கிரேக்கக் கவிஞர்களைச் சொல்கிறார்.

கேள்வி: பவுல் "புலவர்" என்கிறார் பிரதர், யூதா "முன்னறிவித்தான்" என்கிறார். இரண்டும் ஒன்றா?

பதில்: நல்ல மறுப்பு. ஆனால் தீத்து 1:12 பாருங்கள், கிரேத்தாதீவாரைத் திட்டிய கவிஞனைப் பவுல் "தீர்க்கதரிசி" என்றே அழைக்கிறார்.

கேள்வி: அது கிண்டல். யூதா கிண்டல் செய்யவில்லையே.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், யூதா அந்த நூலை மதித்தார். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதையே சொல்லி ஏனோக்குக்காக வாதாடினார். இதே காரணத்துக்காகப் பலர் யூதா நிருபத்தையே தள்ளினார்கள் என்று ஜெரோம் எழுதுகிறார். உங்கள் வாதக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். இன்னொன்று: யூதா 9இல் மோசேயின் சரீரத்துக்காக மிகாவேல் தர்க்கிப்பது வேறொரு நூலிலிருந்து வந்தது என்று ஆதிச் சபை அறிஞர் ஓரிகன் சொல்கிறார். அந்தப் பகுதி இன்று கைக்குக் கிடைக்கவே இல்லை. அதையும் சேர்ப்பீர்களா?

கேள்வி: யூதர்கள் கி.பி. 90இல் யாம்னியா என்ற ஊரில் சங்கம் கூட்டி இந்த நூல்களைத் தள்ளிவிட்டார்கள் என்று பாஸ்டர் சொன்னார்.

பதில்: அது 1871இல் கிரேட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் முன்வைத்த ஊகம், இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டனர். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவான விவாதம் உன்னதப்பாட்டையும் பிரசங்கியையும் பற்றியது, "கையைத் தீட்டாக்குமா" என்று. கையைத் தீட்டாக்கினால்தான் பரிசுத்த நூல்! சீராக்கை வாசிக்க ஒரு ரபி (யூத போதகர்) தடுக்க, ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் வேறிடத்தில் அதன் வரி வேதம்போலவே மேற்கோளாகிறது.

கேள்வி: நிக்கேயாவில் எரித்த நூல்கள் எவை?

பதில்: மேலே படியுங்கள். மூன்றாவது ஆள் கேட்டாலும் இதே பதில்தான்.

கேள்வி: பர்னபா சுவிசேஷம்?

பதில்: இடைக்கால இறுதியிலோ அதற்குப் பிறகோ எழுந்த படைப்பு. யூபிலி ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. லேவியராகமத்தில் அது ஐம்பது. இந்த விவாதத்தில் அதற்கு இடமில்லை.

கேள்வி: ஆங்கிலத்தில் தள்ளுபடி ஆகமத் தொகுப்பு வாங்க வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: "மறைக்கப்பட்ட நூல்கள்" என்று அட்டையில் இருந்தால் வைத்துவிடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் அதையே வாங்குகிறார்கள். முதலில் 2 எஸ்திராஸ் நூலில் (மேலே சொன்ன ஏழில் இல்லை, ஆங்கிலத் தொகுப்புகளில் உண்டு) 7ஆம் அதிகாரத்தைத் திறந்து வசனங்களை எண்ணுங்கள். 70 என்றால் பழைய பதிப்பு; 140 இருக்க வேண்டும். நடுவில் 70 வசனங்கள் பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்தன. 822ஆம் ஆண்டு லத்தீன் சுவடி ஒன்றில் யாரோ ஓர் ஏட்டை வெட்டியெடுத்தார்கள், பிந்தைய பிரதிகள் அதிலிருந்து பெருகின. தீர்ப்பு நாளில் ஒருவருக்காக இன்னொருவர் மன்றாட முடியாது என்ற வரி அங்கே உண்டு. வெட்டியது அதற்காகத்தான் என்பது பரவலான கணிப்பு. விடுபட்டதை ஆங்கில அறிஞர் பென்ஸ்லி பிரான்சின் அமியேன் நகரச் சுவடியில் கண்டெடுத்து 1875இல் வெளியிட்டார்.