ஆன்லைன் வகுப்பில் சாட்பாட் வைத்தால் டவுட் சொல்லித்தர ஆள் தேவையில்லையா?

கேள்வி கேட்டவர் சின்ன அளவில் ஆன்லைன் டியூஷன் நடத்துகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் சந்தேகங்களுக்கு ஏஐ சாட்பாட்டைப் போட்டுவிட்டால் அதற்கென்று தனியாக ஆள் வைக்க வேண்டாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தனி ஆள் நான்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குக்கு டவுட் சொல்லித்தரும் வேலையை ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

வேலை போய்விடும் பயத்தில் புலம்புகிறாள் என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். எங்கள் குழுவில் சாட்பாட் வந்ததற்கு அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். ராத்திரி பதினொன்றரைக்கு "மேம், நாளைக்கு டெஸ்ட் எதுவரைக்கும்?" என்று வரும். "ரெக்கார்டிங் லிங்க் ஓப்பன் ஆகல", "அசைன்மெண்ட் பிடிஎஃபா போடணுமா, போட்டோ போதுமா?" என்று வரும். வருகிற மெசேஜில் பெரும்பாதி இந்த ரகம். இதற்கெல்லாம் எம்எஸ்சி கணக்கு படித்த ஆள் எதற்கு? சாட்பாட் தாராளமாகச் சொல்லட்டும். நான் தூங்கப் போகிறேன்.

உண்மையில் இந்த யோசனை பேர் வாங்கியதே இப்படிப்பட்ட கேள்விகளால்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் என்ற பல்கலைக்கழகத்தில் அசோக் கோயல் என்ற பேராசிரியர் ஆன்லைன் முதுகலைப் படிப்பில் ஏஐ பாடம் நடத்தினார். ஒரு செமஸ்டரில் சுமார் 300 மாணவர்கள், அவர்களிடமிருந்து பத்தாயிரம் மெசேஜ் வரை வருமாம். உதவி ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை. 2016-இல் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற ஏஐ தொழில்நுட்பத்தை வைத்து ஜில் வாட்சன் என்ற பெயரில் ஒரு உதவி ஆசிரியரை உருவாக்கி மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைத்தார். பழைய செமஸ்டர்களில் மாணவர்கள் கேட்டது, பதில் வந்தது என்று சுமார் 40,000 பதிவுகளைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். செமஸ்டர் முடிகிற நேரத்தில் சொல்லும்வரை அது ஆள் இல்லை என்று மாணவர்களுக்குத் தெரியாது.

இதைச் சொல்கிற எல்லோரும் "மாணவர்களுக்கே தெரியவில்லை பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 97 சதவீதம் உறுதி இருந்தால் மட்டுமே ஜில் பதில் போடும். இல்லையென்றால் வாயைத் திறக்காது, மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். மனித உதவி ஆசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. இந்த அடக்கம் இப்போது நம் ஊரில் விற்கிற சாட்பாட் எத்தனைக்கு இருக்கிறது?

சரி, என் கதைக்கு வருகிறேன். நிறுவனத்தில் சாட்பாட் வந்தபிறகு எங்களில் சிலருக்கு "வெரிஃபை" செய்யும் வேலை கொடுத்தார்கள். அதாவது அது சொன்ன பதில் சரியா என்று பார்த்து டிக் போட வேண்டும். ஒரு பிளஸ் ஒன் பையனின் சாட் வந்தது. சைன் 2எக்ஸ் = சைன் எக்ஸ் என்ற சமன்பாட்டுக்குத் தீர்வு காண வேண்டும். அவன் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. "என் ஆன்சர் ஏன் தப்பு?" என்று கேட்டிருந்தான். நோட்டைப் போட்டோ எடுத்தும் போட்டிருந்தான். சாட்பாட் "சிறந்த கேள்வி!" என்று ஆரம்பித்து முதலிலிருந்து அழகாகப் போட்டுக் காட்டியது. விடை முழுவதும் சரி. பையன் மறுபடி கேட்டான், "அது ஓகே, என்னோடது ஏன் தப்பு?" மறுபடியும் சிறந்த கேள்வி, மறுபடியும் அதே கணக்கு. மூன்றாவது தடவை பையன் "ஓகே தேங்க்ஸ்" என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். கணினியில் "டவுட் தீர்ந்தது" என்று பச்சை விளக்கு.

நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் = சைன் எக்ஸ் என்று சரியாக எழுதியிருக்கிறான். அப்புறம் இரண்டு பக்கமும் இருந்த சைன் எக்ஸை ஒரே கோட்டில் அடித்துவிட்டான். காஸ் எக்ஸ் அரை என்று மட்டும் மிஞ்சியது. பாதித் தீர்வு அந்தக் கோட்டோடு போயிற்று. அவனை அழைத்தேன்.

"சைன் எக்ஸை ஏன்பா அடிச்ச?"

"ரெண்டு பக்கமும் இருந்துச்சே மேம்."

"அது ஜீரோவா இருந்தா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ புக்ல இருக்கற அந்த x = nπ ஆன்சர் அங்கதான் போச்சா மேம்?" என்றான். இரண்டு நிமிட வேலை. பையன் இனி எந்தச் சமன்பாட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க மாட்டான்.

"அது பழைய சாட்பாட், இப்போது வருவதெல்லாம் கையெழுத்தையே படிக்கிறது" என்று ஒருவர் சொல்வார். ஒப்புக்கொள்கிறேன், படிக்கிறது. தப்பான வரியைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது. ஆனால் பிள்ளை "ஆன்சர் மட்டும் சொல்லு" என்றால் அதையும் சொல்லிவிடுகிறதே. துருக்கியில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கணக்கு வகுப்பில் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஜிபிடி-4 என்ற ஏஐயை அப்படியே கையில் வாங்கிய பிள்ளைகள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தபோது, அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவு. ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் கொடுத்து, விடையை நேராகச் சொல்லாதபடி கட்டிப்போட்ட இன்னொரு வடிவத்தில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளும் பரீட்சையில் மற்றவர்களை முந்திவிடவில்லை. பயிற்சியில் மட்டும் 127 சதவீதம் ஏறியிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதில் எந்த எண்ணைக் காட்டுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். எங்களுக்கு டவுட்டுக்கு இவ்வளவு என்றுதான் காசு. மேலே சொன்ன பையனுக்குப் பேசியதற்குக் காசு இல்லை, ஏனென்றால் அந்த டவுட் ஏற்கெனவே "தீர்ந்துவிட்டது". சம்பளம் என்று கணக்கில் வராது, தொழில்முறைக் கட்டணம் என்று பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பார்கள். வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் ஃபார்ம் 16, அதாவது சம்பளக்காரர்களுக்குத் தரும் வரிச் சான்று, கேட்டார்கள். என்னிடம் இருந்தது 16ஏ, சம்பளம் அல்லாத வருமானத்துக்குத் தருவது. "அப்போ நீங்க வேலையில இல்லையா மேடம்?" என்றார் அதிகாரி. வீட்டிலோ, "நாள் பூரா போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கா" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நேர அட்டவணை கேட்கும் மெசேஜிலிருந்து சாட்பாட் என்னை விடுவித்தது. இதிலிருந்து விடுவிக்க ஏதாவது வந்தால் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சாட்பாட் வையுங்கள். அட்டவணை, பாடத்திட்டம், உங்கள் நோட்ஸ், வகுப்புப் பதிவுகளின் எழுத்து வடிவம் இவற்றை மட்டும் கொடுத்து, அதற்குள்ளிருந்து மட்டும் பதில் சொல்லவையுங்கள். அதில் இல்லாததைக் கேட்டால் மேமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லட்டும். கணக்கு டவுட்டுக்கு, பிள்ளை போட்டுப் பார்த்ததை அனுப்பாமல் ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் தானாக ஆளிடம் போய்விட வேண்டும். "ஓகே தேங்க்ஸ்" வந்தால் தீர்ந்தது என்று கணக்கு எழுதாதீர்கள். அதே மாதிரி ஒரு கணக்கை அடுத்த நாள் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்பதால் அவர்கள் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சாட்பாட் விற்க வருகிறவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். நீங்களே கேளுங்கள்.

அப்புறம் சாயங்காலம் எட்டிலிருந்து பத்து மணிவரை உட்கார ஒரு ஆளைப் பிடியுங்கள். கணக்கு தெரிந்த, வீட்டிலிருக்கும் பெண்கள் உங்கள் ஊரிலேயே நிறையப் பேர் கிடைப்பார்கள். டவுட்டுக்கு இவ்வளவு என்று பேசாமல் மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.