இஞ்சி எக்ஸோசோம் போத்தல் வாங்கலாமா?

கேள்வி: ஹட்டன் டவுனில் ஒருவர் ‘இஞ்சி எக்ஸோசோம்’ என்று 30 மில்லிலீட்டர் போத்தலை 9,500 ரூபாவுக்கு விற்கிறார். நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டால் குடல்புண், மூட்டுவலி, சீனி வருத்தம் எல்லாம் சுகமாகுமாம். ஃபிரிட்ஜில் வைக்கவும் தேவையில்லையாம். அம்மாவுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெயரில் பொய் இல்லை, போத்தலில்தான் சந்தேகம்.

எக்ஸோசோம் என்று இவர்கள் சொல்வது, தாவரக் கலங்களிலிருந்து கிடைக்கும், கொழுப்புச் சவ்வால் மூடிய நுண்பைகளை. அவை உண்மையிலேயே உண்டு. பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர் அளவு. உள்ளே புரதம், சிறு ஆர்.என்.ஏ., இஞ்சியானால் அதன் காரப்பொருளான ஜிஞ்சரோலும் இருக்கும். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இஞ்சி நுண்பைகளை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது பெருங்குடல் அழற்சி தணிந்தது. நம் தேயிலை இலையிலிருந்தும் இப்படிப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் எலியில் கண்டதை வைத்து அம்மாவுக்கு மருந்து வாங்க முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எந்த எக்ஸோசோம் பொருளையும் மருந்தாக அங்கீகரிக்கவில்லை.

தயாரிப்பைப் பார்த்தால் விஷயம் புரியும். இஞ்சியை அரைத்துப் பிழிந்த சாற்றை முதலில் மெதுவாகச் சுழற்றி நாரையும் மாவையும் நீக்க வேண்டும். அடுத்து புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு, பிறகு 1,00,000 மடங்குக்கு மேற்பட்ட விசையில் சுழற்றி, அடியில் படிவதைச் சர்க்கரைக் கரைசல் அடுக்குகளில் திரும்பவும் பிரிக்க வேண்டும். கடைசிப் படியைத் தவிர்த்தால் புரதக் கட்டிகளும் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்தே வரும். ‘ஒரு மில்லிலீட்டரில் 5,000 கோடி துகள்’ என்று லேபிளில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். எண்ணும் கருவிக்கு நுண்பையும் ஒன்றுதான், எண்ணெய்த் துளியும் ஒன்றுதான். எவ்வளவு தூய்மையென்று அறிய, துகளுக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதத்தையும் இலத்திரன் நுண்நோக்கிப் படத்தையும் கேளுங்கள்.

ஃபிரிட்ஜ் தேவையில்லை என்ற பேச்சுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. திரவத்தில் உள்ள நுண்பைகளை நீண்டகாலம் வைக்க −80 பாகை வேண்டும். இல்லையேல் ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரை சேர்த்து உறையவைத்து உலர்த்திய தூளாக இருக்க வேண்டும். அறைச்சூட்டில் கிடக்கும் திரவத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டும், சவ்வு கிழியும். நுவரெலியாக் குளிர் இதற்குக் காணாது.

அம்மாவின் சீனி மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். இஞ்சிதான் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கி அரையுங்கள். ஆய்வுகூடமும் அந்தச் சாற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: பண்டாரவளை பார்லரில் ‘தாவர எக்ஸோசோம் சீரம்’ பூசி, நுண்ணூசி உருளையால் முகத்தில் குத்துகிறார்கள். பயமில்லையா?

பதில்: பயம் ஊசியில். தோலின் மேற்படலத்தை நுண்பை லேசில் தாண்டாது, அதனால்தான் குத்துகிறார்கள். பூசுவதற்கென்று செய்த சீரம் கிருமிநீக்கம் செய்ததாக இருக்கவேண்டியதில்லை. குத்திய துளை வழியே உள்ளே போனால் சீழ், ஒவ்வாமைக் கட்டிகள் வரலாம். பூசுவதோடு நிறுத்தினாலும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்: அற்ககோல் முன்வரிசையில் இருந்தால் சவ்வு தப்பியிருக்காது.

இரண்டு பேருக்கும்: நோய் தீர்க்கும் என்று விற்றால் அது மருந்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் பதிவு வேண்டும், பதிவிலக்கத்தைக் கேளுங்கள். ஏற்கனவே காசு கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் போத்தலையும் எறியாமல் வைத்து, லேபிளைப் படமெடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு தர மறுக்கும் இடத்தில் காசை எடுக்கவே வேண்டாம்.