அறை கோணலா, கல் கோணலா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில், வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய 16-க்கு 12 அடி அறையில் ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கிற தரைக்கல்) பதிக்கிறோம். நீளச் சுவரை ஒட்டி வரிசை பிடித்தால், பக்கச் சுவரின் ஒரு மூலையில் கல் ஒட்டி நிற்கிறது. மறுமூலையில் நாலு அங்குலம் இடைவெளி விழுகிறது. கல்தான் கோணல் என்கிறார் கொத்தனார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் கல். ஒன்றின் மேல் இன்னொன்றை ஓரம் பார்த்து வைத்து, மேல்கல்லைக் கால் சுற்று திருப்புங்கள். நாலு ஓரமும் மறுபடி பொருந்தினால் சதுரம். சாய்சதுரத்துக்கும் நாலு பக்கமும் சமம்தான் என்பதால் டேப்பில் அகப்படாது. திருப்பினால் மூலை நீட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். கையால் வார்க்கிற கல்லில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) முன்பின் இருக்கலாம். நாலு அங்குலத்துக்கு அறைதான் காரணமாக இருக்கும்.

அறைக்கு மூலைவிட்டம் பிடியுங்கள். 16-ம் 12-ம் செங்கோணத்தில் சேர்ந்தால் குறுக்கே 20 அடி வரவேண்டும் (256 + 144 = 400). உங்களுக்கு ஒன்று 20 அடி 3 அங்குலம், மற்றது 19 அடி 9 அங்குலம் என்கிற அளவில் வரும் என்று நினைக்கிறேன். அந்த ஆறு அங்குல வித்தியாசம் போதும், 12 அடிச் சுவர் ஏறக்குறைய நாலு அங்குலம் சாய்ந்துவிடும். மூலைவிட்டம் இரண்டும் சமம் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஒரு பக்கம் அகன்ற சரிவகத்திலும் அவை சமமாக வரலாம். எதிரெதிர்ச் சுவர்களையும் அளந்துவிடுங்கள்.

இரண்டடி மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கிற L வடிவக் கருவி) வைத்துப் பெரிய அறைக்குக் கோடு போடக் கூடாது. அதில் ஒரு நூல் பிசகு, 16 அடி போவதற்குள் ஒரு அங்குலம் ஆகிவிடும். நூல் கட்டி 6, 8, 10 அடி முக்கோணம் பிடிப்பதுதான் நம்பகம்.

அப்புறம், அந்தச் சுவரில் கை வைக்காதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு போனால் அப்படியே திரும்பக் கிடைக்காது. வளவிலிருந்து நுழையும்போது கண்ணில் படுகிற வாசல் சுவருக்கு இணையாக ஒரு நூல், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று கட்டி, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிப் பாருங்கள். பூவேலைக் கல்லும் பார்டரும் இந்த நூலை ஒட்டியே முழுச் செவ்வகமாக முடியட்டும். கோணலை, பார்டருக்கும் சுவருக்கும் நடுவே வரும் வெற்றுக்கல்லில் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். பீரோ நிற்கப்போகிற பக்கம் எது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு, அகலமான வெட்டை அங்கே தள்ளுங்கள்.