'லிம்ன்' (limn) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

கேள்வியில் 'லிம்ன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டலில் கடைசியாக ஒரு 'என்' உண்டு, ஆனால் வாயில் வராது. 'லிம்' என்றே சொல்ல வேண்டும். படம் வரைபவரைக் குறிக்கும் 'லிம்னர்' என்று வரும்போது அது ஒலிக்கும்.

அகராதியில் 'சித்திரி, விவரி' என்று இருக்கும். மொழிபெயர்ப்புதான் என் வேலை. முதல்முறை எதிர்ப்பட்டபோது நானும் 'விவரி' என்றே போட்டேன். வேரைப் படித்த பிறகு மனம் ஒப்பவில்லை.

லத்தீனில் 'லூமென்' என்றால் ஒளி. அதில் பிறந்த 'இல்லூமினாரே', ஒளியேற்றுதல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து 'லிம்' ஆனது. இடைக்கால ஐரோப்பாவில் கன்றுத்தோல் ஏடுகளின் முதலெழுத்துக்கும் ஓரத்துக்கும் வண்ணமும் தங்கத் தாளும் இடும் வேலைக்கு அதுவே பெயர். தங்கம் பட்ட இடம் வெளிச்சத்தில் மினுங்கும் அல்லவா?

16ஆம் நூற்றாண்டில் சொல் ஏட்டிலிருந்து முகத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் நிக்கலஸ் ஹில்லியர்ட் உள்ளங்கையில் அடங்கும் உருவப்படங்கள் வரைந்தார். மெல்லிய தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி, அதன்மேல் வண்ணம். பூசிய உலோகத்தைக் கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவார். இந்தக் கலையைப் பற்றி 1600 வாக்கில் அவர் எழுதிய நூலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: படத்துக்கு உட்கார முதலாம் எலிசபெத் ராணி தேர்ந்தெடுத்தது, பக்கத்தில் மரமே இல்லாத, நிழலே விழாத தோட்டப் பாதையை. ஒளியில் பிறந்த சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. (இவ்வகைப் படத்துக்கான 'மினியேச்சர்' என்ற பெயருக்கும் வேர் அளவு அல்ல, 'மினியம்' என்ற ஈயச் செந்தூரம்.)

பிறகு தூரிகையின் வேலையைச் சொற்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் 1993 நோபல் உரையில், பேசுவோர், படிப்போர், எழுதுவோரின் நிஜமான, கற்பனையான, சாத்தியமான வாழ்வுகளை மொழி என்ன செய்கிறது என்று சொல்லும் இடத்தில் இந்த வினையைத்தான் வைத்தார். அங்கே 'விவரிக்கிறது' என்று போட்டால் வரி செத்துவிடும்.

தமிழில் இதற்குச் சரியான சொல் 'தீட்டு'. ஓவியம் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், அரிசியையும் தீட்டுகிறோம். வண்ணமும் பளபளப்பும் ஒரே வினையில் இருக்கின்றன. என் பழைய வரியிலும் அதையே மாற்றி வைத்தேன்.

பேச்சிலோ அலுவலக மின்னஞ்சலிலோ இதைப் போட வேண்டாம், ஒட்டாது. கதையிலும் நூல் மதிப்புரையிலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.