ஒரு கணினிக்கு எத்தனை ஆன்டிவைரஸ்?

கேள்வி: அப்பள வியாபாரக் கணக்குக்கு விண்டோஸ் 10 கணினி வைத்திருக்கிறேன். இலவச ஆன்டிவைரஸ் ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து இன்னொன்றும் போடச் சொல்கிறார் சர்வீஸ்காரர். இப்போதே இழுவையாக ஓடுகிறது. என்ன செய்ய?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: புதிதாக எதுவும் வேண்டாம், இருப்பதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு போட்டால், திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் தனித்தனியே சோதிக்கும், ஒன்றையொன்று மறிக்கவும் பார்க்கும். இழுவை இன்னும் கூடும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே உங்கள் கடைக்குப் போதும். வேறொன்று இருக்கும்வரை அது ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய்ப் பழையதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரியல்-டைம் புரொடெக்‌ஷன்’ ஆனில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழையதன் மிச்சம் ஒட்டியிருக்கும். அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை ஓட்டுங்கள்.

சர்வீஸ்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கூரை ஒழுகும்போது வாசலுக்கு இரண்டாவது பூட்டு எதற்கு? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். பழைய கணினிகள் பெரும்பாலும் ப்ராசஸரில்தான் அடிபடும். இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தேறாவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம். ஜிஎஸ்டி தளத்தை அதிலும் பிரவுசரில் திறக்கலாம். ஆனால் டேலி அதில் நேரடியாக ஓடாது. டேலிதான் உங்கள் கணக்கு என்றால், ஆன்டிவைரஸ் சந்தாவுக்குக் கொடுக்க இருந்த காசை வேறு கணினிக்குச் சேருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையை அமுக்கினேன். ஏதோ இன்ஸ்டால் ஆனது, ஐகானைக் காணோம்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃபாகவோ வரும். ஃபைல் பெயர் ‘.ஏபிகே’ (.apk) என்று முடிந்தால் அது ஆப். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியை வெளியே கடத்தும். முதலில் ஏரோபிளேன் மோட், வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஐகான் ஒளிந்தாலும் செட்டிங்ஸின் முழு ஆப்ஸ் பட்டியலில் அது இருக்கும். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகத் தெரிந்தால், ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் அதை ஆஃப் செய்துவிட்டு நீக்குங்கள். அப்போதும் அசையாவிட்டால், போட்டோக்களை எடுத்துவைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். கடைசியாக, ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ பகுதியில் வாட்ஸ்அப்புக்கான அனுமதியை ஆஃப் செய்யுங்கள். உங்கள் எண்ணிலிருந்து சொந்தபந்தத்துக்கும் அதே பத்திரிகை போயிருக்கலாம். முகூர்த்த மாதத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை டைரியில் எழுதிவைப்பது தப்பா?
– வாசகர், பத்தமடை

பதில்: வீட்டு பீரோவுக்குள் இருந்தால் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் தப்பு. தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டாகச் சேமித்துவைத்துத் தானே நிரப்பும் பிட்வார்டன் ஆப்பின் இலவசப் பதிப்பே போதும். அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் டைரியில் எழுதுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: வங்கித் தளம் மாதிரியே போலி ஒன்று வந்தால் முகவரி பொருந்தாது, பிட்வார்டன் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புகிற இடத்தில் நிரப்பவில்லையென்றால், நீங்களாக டைப் செய்யாமல் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.